வடித்தலும் மீட்டலும்: சிறுநீரகத்தை மாந்தர் அறிந்த வரலாறு

பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தெற்கே உள்ள கோப்பெங், ஈயத்தால் எழுந்த ஊர். அங்கே மலையினின்று குழாய்களில் இறக்கிய நீரை நிலத்தின்மீது பீய்ச்சி அடிப்பர். கரைந்த மண்ணைச் சேற்றுநீராக்கிப் 'பாலோங்' என்னும் நீண்ட மரச்சரிவின்மீது ஏற்றி ஓடவிடுவர். ஈயக்கனிமம் மணலைப்போல் இரண்டரை மடங்கு எடையுள்ளது. ஆதலின் அது குறுக்குச் சட்டங்களின் பின்னே தங்கிவிடும். மணலும் சேறும் வழிந்தோடும். 1985இல் உலக ஈயச்சந்தை சரிந்தபின் அத்தொழில் ஒடுங்கிற்று. ஈயக்குட்டைகளே இன்று அதற்குச் சான்றாய் நிற்கின்றன.

பாலோங்கின் முறையில் ஒரு நுட்பம் உண்டு. அது குப்பையைத் தேடிப் பொறுக்கி எறிவதில்லை; எல்லாவற்றையும் ஓடவிட்டு, வேண்டியதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மனித உடலிலும் இம்முறையிலேயே இயங்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே சிறுநீரகம். கழிவை மட்டும் பிரித்தெடுத்து வெளியேற்றுவதே அதன் தொழில் என்று பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அவ்வுண்மையை மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டது 20ஆம் நூற்றாண்டிலேதான்.

பண்டையோர் கண்டவை

சிறுநீர் எங்கே பிறக்கிறது என்னும் வினா மிகப் பழையது. சுசுருதரின் மருத்துவ நூல் ஓர் அழகிய உவமை கூறும்: புதுமட்குடத்தைக் கழுத்தளவு நீரில் அமிழ்த்தி வைத்தால், அதன் நுண்துளைகளின் வழியே நீர் கசிந்து உள்ளே நிரம்புவதுபோலச் சிறுநீர்ப்பையும் நிரம்புகிறதாம். இதில் சிறுநீரகத்துக்கு இடமில்லை. ஆயினும், நுண்ணிய வழிகளால் நீர் வடிகிறது என்னும் கருத்து அதில் முளைவிட்டிருப்பதைக் காணலாம்.

தமிழ்ச் சித்த மருத்துவர், சிறுநீர் எவ்வாறு உண்டாகிறது என்பதினும் அது எதனை உணர்த்துகிறது என்பதிலேயே கருத்தூன்றினர். நிறம், மணம், நுரை முதலியவற்றைக் கொண்டு நோயறிவது நீர்க்குறி. விடியற்காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் வகையை நோக்குவது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று வகுத்தனர். இம்முறையைத் தேரையர் பெயரோடு சேர்த்து வழங்குவர்.

மேலைநாட்டில், கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான காலன், விலங்குகளின் சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாய்களைக் கட்டிப் பார்த்தார். கட்டுக்கு மேலே குழாய் பருத்தது. கீழே பை வெறுமையாய்க் கிடந்தது. கட்டை அவிழ்த்ததும் பை நிறைந்தது. சிறுநீர் பிறப்பது சிறுநீரகத்திலேயே என்பது இவ்வாறு உறுதியாயிற்று. எவ்வாறு பிறக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

இருவர், இரு கொள்கை

அதனை விளக்க நுண்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது. 1666இல் இத்தாலியரான மால்பிகி, சிறுநீரகத்தினுள் மரக்கிளையில் பழம் தொங்குவதுபோல் நாளங்களில் தொங்கும் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். 1842இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் பௌமன், அவ்வுருண்டை ஒவ்வொன்றும் நுண்நாளங்களின் பந்து என்றும், அதனைச் சூழ்ந்துள்ள கிண்ணம் நீண்ட நுண்குழலாகத் தொடர்கிறது என்றும் காட்டினார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இத்தகைய அமைப்புகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் உள்ளன.

அமைப்பு தெரிந்தவுடன் வழக்கு எழுந்தது. பந்து நீரை மட்டும் தருகிறது, கழிவுகளைக் குழலின் சுவரே சுரந்து அந்நீரில் கலக்கிறது என்றார் பௌமன். அதே காலத்தில் செருமானியரான கார்ல் லுட்விக் மறுத்துரைத்தார். குருதியழுத்தத்தால், புரதமும் குருதி அணுக்களும் தவிர ஏனையவெல்லாம் பந்திலேயே வடிந்துவிடுகின்றன; பின்னர்க் குழலில் நீர் மீள உறிஞ்சப்படுகிறது என்பது அவர் கொள்கை. எதிர்ப்பாளர் நகைத்தனர். அவ்வாறாயின் உடலிலுள்ள குருதியைப்போல் பன்மடங்கு நீர் நாள்தோறும் வடிந்து மீளவேண்டுமே! இயற்கை இத்துணை வீண்வேலை செய்யுமா என்று கேட்டனர்.

இவ்வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே புதிய உடலறிவு தமிழுக்கும் வரத் தொடங்கிற்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலமைப்பு நூல்களையும், 'சுகரணம்' என்று தாம் பெயரிட்ட உடலியல் நூல்களையும் தமிழில் வெளியிட்டார்.

தவளை அளித்த தீர்ப்பு

வழக்கு முடிய எண்பது ஆண்டுகள் சென்றன. 1924இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட்சும் வேர்னும், மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழலைத் தவளையின் சிறுநீரகக் கிண்ணத்தினுள் செலுத்தி, அங்கு வடிந்த துளியை எடுத்து ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். அத்துளியில் சர்க்கரை இருந்தது, உப்பு இருந்தது, புரதம் இல்லை. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலோ சர்க்கரை இல்லை. கிண்ணத்தில் இருந்த சர்க்கரை வழியில் எங்கே போயிற்று? உடல் அதனை மீட்டுக்கொண்டது என்பதன்றி வேறு விடையில்லை. வடித்தலும் மீட்டலும் மெய்யாயின. சில பொருள்களைக் குழலின் சுவர் சுரக்கவும் செய்கிறது என்பதை 1923இல் மார்சல் காட்டியிருந்தார். ஆதலின் பௌமன் கூற்றும் முற்றும் பொய்யன்று.

எதிர்ப்பாளர் நகைத்த அளவினை இன்று நாம் அறிவோம். நாளொன்றுக்கு வடியும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். சிறுநீராய் வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர். உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் வடிகிறது. அதில் சில கிராம் நீங்கலாக யாவும் குருதிக்குத் திரும்புகின்றன. இது வீண்வேலையன்று. உடல் முன்பின் அறியாத நஞ்சும் வடிநீரோடு வந்துவிடும். மீட்கும் பட்டியலில் அதன் பெயர் இல்லை. ஆகவே அது வெளியேறும். எறிய வேண்டியவற்றுக்கு எல்லையில்லை. காக்க வேண்டியவை சிலவே.

மீட்கும் அளவும் நிலையானதன்று. விடியுமுன் பால்வெட்டத் தொடங்கி, வெயிலேறும்வரை வியர்வை சிந்திய தோட்டத் தொழிலாளியின் சிறுநீர் குறைந்து மஞ்சள் முதிரும். நீர் குறைந்ததை மூளை உணர்ந்து குருதியில் ஒரு சுரப்பைக் கலக்கிறது. உடனே குழல்கள் மேலும் நீரை மீட்கின்றன. இவ்வாறு சிறுநீரைக் குருதியினும் நான்கு மடங்கு செறிவாக்க மனிதச் சிறுநீரகத்தால் இயலும்.

இனிப்பின் எச்சரிக்கை

நீரிழிவாளரின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை நம் நாட்டு முன்னோர் கண்டிருந்தனர். காரணம் இப்போது விளங்கும். குருதியில் சர்க்கரை அளவு கடந்தால், மீட்கும் குழல்களால் முழுவதையும் பிடிக்க இயலாது, எஞ்சியது வழிந்துவிடும். நாளடைவில் வடிகட்டும் பந்துகளே பழுதடைந்து, தடுத்து நிறுத்த வேண்டிய புரதத்தையும் விட்டுவிடும். 1827இல் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரைக் கரண்டியில் எடுத்து விளக்குச் சுடரில் காய்ச்சியபோது திரிதிரியாய் உறைந்தது இப்புரதமே. சிறுநீரக நோயின் அடையாளமென அவர் அதனை உணர்ந்தார்.

மலேசியாவில் புதிதாகக் குருதிச் சுத்திகரிப்புக்கு வருவோருள் பாதிக்கு மேற்பட்டோரின் நோய்க்கு நீரிழிவே காரணம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுற்றிருந்தனர். இனங்களுள் இந்தியரிடையே அது மிகுதி. கொடுமை யாதெனில், செயல்திறனில் பாதி போகும்வரையும் சிறுநீரகம் வலியால் முறையிடாதிருக்கக்கூடும். நீர்க்குறி பார்த்த முன்னோரின் பேரர்க்கு இன்று சிறுநீர்ப் புரதச் சோதனையும் குருதிச் சோதனையும் எளிதில் கிடைக்கின்றன. நீரிழிவும் குருதிக் கொதிப்பும் உடையோர் ஆண்டுதோறும் அவற்றைச் செய்துகொள்ளுதல் கடன்.

பாலோங்கிலிருந்து வழிந்தோடிய மணலை டூலாங் தட்டில் மீண்டும் அலசி, தப்பிய ஈயத்தைத் தேடியெடுத்த பெண்கள் கிந்தாவில் பலர் இருந்தனர். ஈயம் தவறினால் மறுமுறை அலசலாம். அழிந்த சிறுநீரக நுண்குழலோ மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பதே வழி.