நியாய வாடகை: ஒன்பது சதவீதத்தின் கதை

ஒரே அறை, ஓரமா ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. காரைக்குடியில் இப்படி ஒரு சின்ன போர்ஷனுக்கு எவ்வளவு வாடகை கேட்கலாம்? பக்கத்து வீட்டுல என்ன வாங்குறாங்கன்னு விசாரிப்பதுதான் நம்ம வழக்கம். சட்டமோ நெடுங்காலம் வேறு கணக்கு வைத்திருந்தது.

இரண்டாம் உலகப்போர் காலத்து வீட்டுத் தட்டுப்பாட்டில் பிறந்தது வாடகைக் கட்டுப்பாடு. முதலில் 1940-க்கு முந்தைய வாடகையே அளவுகோல். 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னையோடு நகராட்சி ஊர்களுக்கும் பொருந்தியது. 1973 திருத்தத்துக்குப் பிறகு அதன் கணக்கு இதுதான்: மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவு, வசதிகளின் மதிப்பு மூன்றையும் கூட்டணும். குடியிருப்பு என்றால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை என்றால் 12.

நம்ம போர்ஷனுக்கு மொத்தம் 8 லட்சம் வருதுன்னு வைங்க. வருஷத்துக்கு 72,000, மாசம் 6,000.

இந்த நியாய வாடகையைக் கேட்டு குடியிருப்பவர் மனு போடலாம், வீட்டுக்காரரும் போடலாம். சிக்கலே அங்கேதான். மனை விலை ஏற ஏற, குடியிருப்பவரைக் காக்க வந்த கணக்கே வாடகையை ஏற்றும் ஏணி ஆனது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தக் கணக்கையே கைவிட்டது. இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான் வாடகை. பழைய கணக்கும் இல்லை, பேரம் பேச வலுவும் இல்லை என்றால், குடிவருபவருக்கு மிஞ்சுவது அந்தப் பக்கத்து வீட்டு விசாரிப்புதான். அதைக் கையெழுத்துக்கு முன்னாடியே செய்துவிடணும்.