இன்சுலினுக்குப் பிறகு நர்ஸ்களின் வேலை

இன்சுலின் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர்கள் டொரண்டோவின் பாண்டிங்கும் பெஸ்ட்டும் தான். மருந்து வந்த பின் அதை வீட்டில் தினமும் யார் போடுவது, யார் கற்றுக்கொடுப்பது? அந்த வேலையைச் செய்த நர்ஸ்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

1922-க்கு முன்னால் சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு இருந்த ஒரே வழி பட்டினி. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் டாக்டர் ஃபிரெடரிக் ஆலன் இந்த முறையை நடத்தினார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும் வரை உணவு கிடையாது. பிறகு அளந்து அளந்து கொஞ்சம். காய்கறியைக் கூட மூன்று முறை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தான் கொடுப்பார்கள். நோயாளி வேறெதுவும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் நர்ஸ் வேலையில் சேர்த்தி.

ஆலனிடம் 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நோயால் பார்வை போனவன். சாப்பாட்டை எவ்வளவு குறைத்தாலும் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தான் விஷயம் தெரிந்தது. பற்பசையையும், அவன் கேட்டு வாங்கிய கேனரி குருவியின் தீனியையும் தின்றிருக்கிறான்!

கொடுமை தான். ஆனால் ஆலனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1919-இல் 11 வயதில் நோய் கண்ட எலிசபெத் ஹியூஸ் அவருடைய பட்டினி முறையில் தான் மூன்று வருடம் தாக்குப்பிடித்தார். 1922 ஆகஸ்டில் டொரண்டோ போனபோது எடை சுமார் 20 கிலோ. இன்சுலின் கிடைத்தது, 1981 வரை வாழ்ந்தார்.

அதே ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் டாக்டர் எலியட் ஜாஸ்லின் முதன்முதலாக இன்சுலின் போட்ட நோயாளி எலிசபெத் மட்ஜ். அவரே ஒரு நர்ஸ்! எலும்பும் தோலுமாக வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர் சில வாரங்களில் எழுந்து நடந்தார்.

ஜாஸ்லினுக்கு ஒன்று புரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்த குழந்தை வீட்டுக்குப் போய்ச் சாகக்கூடாது. அதனால் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கே அனுப்பினார். 'அலையும் நர்ஸ்கள்' என்று அவர்களுக்குப் பெயர். குழந்தையின் வீட்டிலேயே தங்கி அம்மாவுக்குச் சொல்லித்தருவார்கள்.

சொல்லித்தர நிறைய இருந்தது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைக்க வேண்டும். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்ட வேண்டும். உணவை எடைபோட வேண்டும். பெனடிக்ட் கரைசலில் சிறுநீரை விட்டுச் சூடாக்கி நிறம் பார்க்க வேண்டும். நீலம் என்றால் நிம்மதி, செங்கல் நிறம் என்றால் ஆபத்து. (கெமிஸ்ட்ரி லேபில் மார்க்குக்காகச் செய்கிறோமே, அதே சோதனை தான்!) மருந்து கூடிப்போய் குழந்தை வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். பட்டினிக் காலத்தில் ஒளித்துவைத்த அதே சர்க்கரை.

இங்கிலாந்தில் இது தனிப் பணியாக வளரச் சில காலம் ஆனது. 1950-களின் தொடக்கத்தில் லெஸ்டர் நகரில் டாக்டர் ஜோன் வாக்கர், சர்க்கரை நோய் கிளினிக்கைச் சேர்ந்த நர்ஸ்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். கிளினிக்கில் சொன்ன அறிவுரை அந்த வீட்டுச் சமையலுக்கும் வருமானத்துக்கும் ஒத்துவருமா என்பதை அவர்கள் நேரில் போய்ப் பார்க்க முடிந்தது.