செல்லப்பிராணிகளின் மிகைப்பெருக்கம்

செல்லப்பிராணிகளின் மிகைப்பெருக்கம் என்பது, வளர்க்க முன்வரும் வீடுகளைவிடக் கூடுதலான எண்ணிக்கையில் நாய், பூனைக் குட்டிகள் பிறக்கும் நிலையைக் குறிக்கும். இந்தியாவில் தெருநாய்களின் பெருக்கம் உள்ளாட்சி அமைப்புகளின் சிக்கலாகவே பெரிதும் கருதப்படுகிறது. எனினும் கைவிடப்படும் வளர்ப்பு நாய்களும், வெளியே திரியவிடப்படும் வளர்ப்பு நாய்களின் வழிவரும் குட்டிகளும் தெருநாய்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. எனவே இதனைக் கட்டுப்படுத்துவதில் வளர்ப்போரின் பங்கு முக்கியமானதாகும்.

காரணங்கள்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள் ஆகும். பெட்டை நாய்கள் பெரும்பாலும் 6 முதல் 12 மாத வயதில் முதன்முதலாகப் பருவத்துக்கு வரும். பின்னர் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். பூனைகள் 4 அல்லது 5 மாத வயதிலேயே சினையாகக்கூடும். குட்டிகளுக்குப் பாலூட்டும்போதே அவை மீண்டும் சினையாவதும் உண்டு. பெட்டைக் குட்டிகளை ஏற்கப் பலர் தயங்குவதால் அவை தெருவில் விடப்படுகின்றன. பின்னாளில் குட்டி ஈனப்போவன அவையே என்பதால் பெருக்கம் தொடர்கிறது.

கருத்தடை அறுவைச் சிகிச்சை

பெண் விலங்குகளுக்குச் சூலகங்களும் பெரும்பாலும் அவற்றுடன் கருப்பையும், ஆண் விலங்குகளுக்கு விரைகளும் மயக்க மருந்து கொடுத்து அகற்றப்படுகின்றன. காயம் ஆற ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். ஆண் விலங்கு சிகிச்சைக்குப் பின்னும் சில வாரங்கள் கருவுறச் செய்யும் ஆற்றலுடன் இருக்கக்கூடும். அதுவரை அதனைத் தனியே வைத்தல் வேண்டும்.

இச்சிகிச்சை பெட்டை நாய்களின் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயையும், ஆண் நாய்களின் விரைப் புற்றுநோயையும் தடுக்கிறது. உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பு உள்ளதால் உணவின் அளவைக் கவனித்தல் நன்று. சிகிச்சைக்கு ஏற்ற வயது இனத்தையும் உடல் அளவையும் பொறுத்து வேறுபடும் என்பதால் கால்நடை மருத்துவரே அதனை முடிவு செய்வார். ஒருமுறையாவது குட்டி ஈன்ற பின்னரே கருத்தடை செய்ய வேண்டும் என்னும் நம்பிக்கைக்கு மருத்துவ அடிப்படை இல்லை.

வளர்ப்போர் மேற்கொள்ளக்கூடிய பிற வழிகள்

- கருத்தடை செய்யப்படாத பெட்டை நாயைப் பருவக்காலமான ஏறத்தாழ 3 வாரங்களும் கட்டுக்குள் வைத்தல். குருதிப்போக்கு குறைந்தவுடன் வெளியே விடுவது தவறாகும். கருவுறும் வாய்ப்பு பெரும்பாலும் அப்போதுதான் மிகுதி.
- விலைக்கு வாங்குவதற்கு மாற்றாகக் காப்பகங்களிலிருந்தோ தெருவிலிருந்தோ குட்டிகளைத் தத்தெடுத்தல்.
- வீடு மாறும்போது விலங்கைக் கைவிடாமல், பொறுப்பேற்பவரிடம் ஒப்படைத்தல்.

இந்தியச் சட்டங்கள்

தக்க காரணமின்றி, துன்புறக்கூடிய சூழலில் ஒரு விலங்கைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள், குட்டி ஈனச்செய்து விற்போர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின.

சென்னையில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960களிலிருந்து வலியுறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி 1990களின் நடுப்பகுதியில் இம்முறையை ஏற்றது. 2001ஆம் ஆண்டில் இந்திய அரசு நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் விதிகள், தெருநாய்களின் கருத்தடையை உள்ளாட்சி அமைப்புகளிடமும், வளர்ப்பு விலங்குகளின் கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றை உரிமையாளரிடமும் ஒப்படைக்கின்றன.