முயலின் இதயத்தில் நடந்த பரீட்சை

இதய வால்வுகளில் பாக்டீரியா படிந்து உண்டாகும் நோய் எண்டோகார்டைடிஸ் ஆகும். பென்சிலின் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்கள் பிழைப்பது மிக அரிது. பல் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து, பழுதுபட்ட வால்வில் தங்கிவிடலாம். ஆகவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்குப் பல் சிகிச்சையின்போது பென்சிலின் கொடுக்குமாறு 1955-ல் அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைத்தது. அது உண்மையில் நோயைத் தடுக்கிறதா? அரிதாக வரும் நோய் என்பதால் மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பது கடினம்.

1970-ல் கேரிசன், ஃப்ரீட்மன் ஆகியோர் ஒரு வழி கண்டனர். முயலின் இதயத்திற்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தினர். குழாய் உரசிய இடத்தில் இரத்தம் உறைந்தது. கிருமிகள் அங்கே எளிதில் குடியேறின.

1973-ல் டுராக், பீட்டர்ஸ்டார்ஃப் ஆகியோர் இம்முறையில், வழக்கத்திலிருந்த மருந்து முறைகளை ஒப்பிட்டனர். முடிவு அதிர்ச்சியளித்தது. பரிந்துரைக்கப்பட்ட முறைகளில் பல தோற்றன. கிருமியின் வளர்ச்சியை மட்டும் நிறுத்தும் டெட்ராசைக்ளின் பயன்படவில்லை. வான்கோமைசினும், பென்சிலினுடன் ஸ்ட்ரெப்டோமைசின் சேர்ந்த கூட்டும் காத்தன. 1977-ல் வெளியான பரிந்துரையில், செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு இக்கூட்டு இடம்பெற்றது.

ஆனால் பல் பிடுங்கும்போது கலப்பதைவிட மிக அதிகமான கிருமிகள் முயல்களுக்குச் செலுத்தப்பட்டன. தினமும் பல் துலக்கும்போதும் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன என்பதும் தெரியவந்தது. 2007-ல் அதே சங்கம், பெரும் ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் முன்தடுப்பு மருந்து போதும் என்றது. முயல் கேள்வியைக் கூர்மையாக்கியது. முழு விடையையும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.