சூசோவின் நீர்வழிகள்

சில தினங்களே தங்கும் நோக்கத்தோடு சீனத்தின் சூசோ நகருக்குப் பிரயாணம் செய்வோர், பிரசித்தி பெற்ற உத்தியானவனங்களுக்குச் செல்லுமுன், 1229ஆம் ஆண்டில் அந்நகரின் வீதிகளையும் கால்வாய்களையும் பாலங்களையும் ஒருசேரப் பொறித்து, இன்று அங்குள்ள கன்பூசியஸ் ஆலயத்தில் பாதுகாக்கப்பெறும் கல் வரைபடத்தைக் கண்டுவிட வேண்டும் என்பேன். ஏனெனில் அதிலுள்ள நீர்வழிகளிற் பல இன்றும் அவ்விடத்திலேயே ஓடுகின்றன.

பெருங்கால்வாயாலும் பட்டு வியாபாரத்தாலும் செழித்த இந்நகரில் நான் யாவற்றினும் மேலாக மதிப்பது, தாங் வம்சத்தவர் காலத்தில், 816 முதல் 819 வரை எழும்பி, பின்னர் பன்முறை புதுப்பிக்கப்பட்ட, 53 வளைவுகளையுடைய பாவ்தாய்ப் பாலமே. தானியப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற தொழிலாளர் நடப்பதற்கென அமைந்ததாதலின், கயிறு சிக்காதபடி கைப்பிடிச் சுவரின்றித் தாழ்ந்து நீண்டிருக்கிறது. மூன்று வளைவுகள் மாத்திரம் பெரும் படகுகள் நுழையுமாறு உயர்ந்து நிற்கின்றன. திரவியம் போதாமையால் அதிபர் வாங் சோங்ஷூ தம் இடைக்கச்சையையே விற்றளித்தார் என்பது கர்ணபரம்பரை.