பத்தாவது தடம்

பால்கன் முழுக்க மலைகள். அவற்றுக்கு நடுவே இரண்டு நதிகள் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. மொராவா வடக்கே ஓடி டான்யூபில் கலக்கிறது. வர்தார் தெற்கே ஓடி ஏஜியன் கடலில் சேர்கிறது. பெல்கிரேடிலிருந்து தெசலோனிக்கி துறைமுகத்துக்குப் போகும் சாலையும் ரயிலும் இந்தப் பள்ளத்தாக்குகளையே நம்பியிருக்கின்றன.

ஒட்டோமான் ஆட்சியில், 1873-இல் தெசலோனிக்கியிலிருந்து ஸ்கோப்யேவுக்கு ரயில் வந்தது. 1888-இல் அந்தப் பாதை செர்பியப் பாதையோடு இணைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, டிட்டோவின் யூகோஸ்லாவியா இந்த வழியின் வடமேற்குத் தொடர்ச்சியாக சாக்ரெபுக்கும் பெல்கிரேடுக்கும் இடையே நெடுஞ்சாலை போட்டது. 1948 முதல் 1950 வரை இளைஞர் அணிகள் ராணுவத்தோடு சேர்ந்து மண் சுமந்தன. 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போன துருக்கியக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பிய வழியும் இதுதான்.

1991-இல் யூகோஸ்லாவியா உடைந்தது. குரோஷியாவின் மேற்கு ஸ்லாவோனியாவில் போர்முனை அந்த நெடுஞ்சாலையையே குறுக்கே வெட்டியது.

கடுமையாக அடிபட்டது, யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து இந்த வழியின் தெற்கே இருந்த மாசிடோனியா. ஏறத்தாழ 20 லட்சம் மக்கள், கடற்கரை கிடையாது. 1992 மே மாதம் செர்பியா மீது ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்ததும் வடக்கு வாசல் அடைபட்டது. 1994 பிப்ரவரியில், 'மாசிடோனியா' என்ற பெயர் தொடர்பாகத் தகராறில் இருந்த கிரேக்கமும் தெசலோனிக்கி துறைமுகத்தை அதற்கு மூடியது. கிழக்கே பல்கேரியாவுக்கோ மேற்கே அல்பேனியாவுக்கோ ரயில் பாதை இல்லை. சரக்கு லாரிகள் மலைச்சாலைகளில் சுற்றி வந்தன. சண்டை போட்டவர்கள் யாரோ; விலை கொடுத்தது இந்தச் சின்ன நாடு.

அடுத்த மாதமே கிரீட் தீவில் ஐரோப்பியப் போக்குவரத்து மாநாடு கூடியது. கண்டத்தின் முக்கியத் தடங்கள் என்று ஒன்பது தேர்வாயின. போரில் கிடந்த இந்தப் பழைய வழிக்கு அதில் இடமில்லை.

1995 செப்டம்பரில் கிரேக்கமும் மாசிடோனியாவும் இடைக்கால உடன்பாடு கண்டன. ஆண்டு முடிவதற்குள் போஸ்னியப் போரும் ஓய்ந்தது. 1997 ஜூனில் ஹெல்சிங்கியில் பத்தாவது தடம் பட்டியலில் ஏறியது: சால்ஸ்பர்க், லூப்லியானா, சாக்ரெப், பெல்கிரேட், நிஷ், ஸ்கோப்யே, தெசலோனிக்கி. முன்பு ஒரே நாட்டுக்குள் ஓடிய பாதையில் இப்போது ஸ்லோவேனியா, குரோஷியா, செர்பியா, மாசிடோனியா என்று வரிசையாக எல்லைச் சாவடிகள். தடம் தாளில் பிழைத்துவிட்டது; தண்டவாளங்களுக்கும் பாலங்களுக்கும் பணமும் அமைதியும் தேவைப்பட்டன.

அமைதி நீடிக்கவில்லை. 1999 ஏப்ரல் 12 அன்று, தெற்கு செர்பியாவின் கிர்தெலிட்சாவில் பாலத்தின் மேல் வந்த பயணிகள் ரயிலை நேட்டோ விமானத்தின் ஏவுகணை தாக்கியது.

(தொடரும்)