ஒற்றியூர்க் கண்ணகியும் சிலம்புச் செல்வரும்

ஆலைச் சங்கொலியும் அலையோசையும் ஒருங்கே கேட்கும் திருவொற்றியூரில், தியாகராசர் திருக்கோயிலினுள் வட்டப்பாறை அம்மன் சந்நிதி அமைந்துள்ளது. மதுரையை எரித்தும் சினம் தணியாத கண்ணகியே இங்கு வந்து அமர்ந்தாள் என்பது ஊர் மரபு. கம்பர் இராமாயணம் எழுதிய இரவுகளில் இவ்வம்மையே விளக்கேந்தி நின்றாள் என்றும் கூறுவர். இவை வரலாற்றுச் சான்றுகள் ஆகா. எனினும், புகார் நகரத்துப் பெருவணிகன் மாநாய்கனின் மகளை, வலைஞரும் தொழிலாளரும் வாழும் ஊர் தனக்குரியவளாக ஏற்றது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவுக்குரிய விடையை ம.பொ. சிவஞானத்தின் வாழ்வில் காணலாம். 1906ஆம் ஆண்டு சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவருடைய பள்ளிக் கல்வி மூன்றாம் வகுப்போடு நின்றது. நெசவும் பின்னர் அச்சுக்கோப்பும் அவருக்குச் சோறளித்த தொழில்கள். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைப்பட்டு, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். உடல் நலிந்த அச்சிறை வாழ்வில் அவருக்குத் துணையானவற்றுள் தலையாயது சிலப்பதிகாரம். உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த அக்காப்பியம், புலவர் அவையைக் கடந்து ஒரு தொழிலாளியின் நெஞ்சில் குடிபுகுந்தது.

கண்ணகியின் மாடமாளிகையும் மாணிக்கச் சிலம்பும் அவர் அறியாதவை. ஆயின், அயலூரில் துணையின்றி நின்று அரசனிடம் நீதி கேட்ட துணிவு அவர் அறிந்ததே. சேரர் குடியில் தோன்றியவராகக் கூறப்படும் இளங்கோவடிகள், சோழநாட்டு மகளைப் பாண்டிய நாட்டில் வழக்குரைக்க வைத்துச் சேரநாட்டில் தெய்வமாக்கினார். இதில் தமிழகத்தின் ஒருமையைக் கண்ட ம.பொ.சி., 1946இல் தமிழரசுக் கழகம் தொடங்கினார். ஆந்திரப் பிரிவினையின்போது கூவம் ஆற்றை எல்லையாகக் கொண்டு சென்னையைப் பகுக்கும் யோசனையும் எழுந்தது. அது நிறைவேறியிருப்பின் இராயபுரம் முதலிய வடபகுதிகள் தமிழகத்துக்கு உரியனவாய் இரா. தலைநகரைக் காக்க முன்னின்றோருள் அவர் ஒருவர். இரா.பி. சேதுப்பிள்ளை அவருக்குச் ‘சிலம்புச் செல்வர்’ என்னும் பட்டம் அளித்தார்.

கண்ணகியின் கற்பு பெண்ணை அடிமைப்படுத்தும் இலக்கணம் என்று பெரியார் கண்டித்ததும் ஈண்டு நினையத்தக்கது. அக்கண்டனத்தைப் புறக்கணித்தல் தகாது. பிரிந்த கணவன் மீண்டதும் ஒரு சொல்லும் கடியாது சிலம்பைக் கொடுத்தவளும் கண்ணகியே. அதன் இணைச் சிலம்பை ஏந்தி அரசவையை நடுங்க வைத்தவளும் கண்ணகியே. இவ்விருவருள் எவரை வரித்துக்கொள்வது என்பது கற்பவரின் பொறுப்பாகும். பணிந்தவளை மட்டும் பெண்மக்களுக்குக் காட்டி, வழக்குரைத்தவளை மறைத்தல் காப்பியத்துக்கே இழைக்கும் அநீதி.

காப்பிய மாந்தர் கற்போரின் வாழ்வை ஒத்திருத்தல் வேண்டுவதில்லை. ஒத்த வாழ்வு ஆறுதல் தரும்; ஒவ்வா வாழ்வோ, தன்னுள் உறங்கும் ஆற்றலை ஒருவருக்கு அறிவிக்கும். மாளிகை மகளின் ஒற்றைச் சிலம்பு அச்சுக்கோத்த கைகளுக்கு வலிமை தந்தது. கவிஞர் படைக்கும் மாந்தர் எவர் கையில் சென்று சேர்வர் என்பதை அவர்களாலும் முன்னறிய இயலாது. ஆதலின் படைப்போர்க்கு வேண்டுவது வாய்மை ஒன்றே.